நாலு தட்டு

இது நடந்தது. ஆனால் எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று கேட்டால், நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு எப்போது பயம் வந்தது, பயம் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் சந்தோஷமாக இருந்தேன் என்பதெல்லாம் இன்று குழம்பிக் கிடக்கிறது. நேரங்களை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். அவை அன்று இரவே வேலைத்தாளில் என் கையால் எழுதியவை. அந்தத் தாளின் நகல் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

நான் டிக் வெல்டர். டார்ச் முனையில் எரியும் மின்சுடரால் உலோகத்தை உருக்கி ஒட்டுவது என் தொழில். நிக்கல் கலவை உலோகங்களில் வெல்டிங் செய்யச் சான்று பெற்றவன். எஃகு நல்ல பிள்ளை. சூடு காட்டினால் உருகி, தானே ஓடி, இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். நிக்கல் அப்படியில்லை. உருகினாலும் பாகு போல வைத்த இடத்திலேயே நிற்கும். ஓடவில்லையே என்று சூட்டைக் கூட்டினால், ஆறும்போது விரிசல் விட்டு வஞ்சம் தீர்க்கும். கை விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. பக்கத்தில் யாரோ அரைத்த இரும்புத் தூசி ஆகாது. லேசான காற்றுகூட ஆகாது. அதனால்தான் அந்த வேலையை இரவில் வைத்துக்கொள்வோம். எல்லா இயந்திரங்களும் நின்று, கதவுகளை இழுத்து மூடிய பிறகு.

அன்று உருளைகளின் மேல் கிடந்தது ஒரு பழைய நிக்கல் கலன். ஓர் ஆள் குனிந்து நடக்கக்கூடிய அகலம். ஏதோ ரசாயன ஆலையில் பல வருஷம் உழைத்துவிட்டுப் பழுதுக்கு வந்திருந்தது. அரித்துப்போன ஒரு பக்க மூடியை வெட்டி எடுத்துவிட்டு, புது மூடியைச் சுற்றிலும் ஒட்ட வேண்டும். இரண்டு முறை ஒட்டி, இரண்டு முறையும் நான் தோற்றிருந்தேன். முதல் முறை, முடிக்கிற இடத்தில் டார்ச்சைச் சட்டென்று எடுத்துவிட்டேன். நட்சத்திரம் போல விரிசல். இரண்டாம் முறை, ஒட்டிய இடம் ஆறுவதற்குள், உட்பக்கம் காற்று படாமல் இருக்கக் கலனுக்குள் விடும் ஆர்கான் வாயுவை மூடிவிட்டேன். உட்பக்கம் கருகி, சர்க்கரை போலப் பொரிந்துவிட்டது. மூன்றாம் முறைக்கு மேல் அந்த உலோகத்தை வெட்டி ஒட்ட அனுமதி இல்லை.

"இன்னொரு தடவை ஆச்சுன்னா கலனும் பழைய இரும்புக் கடைக்கு, நீயும் பழைய இரும்புக் கடைக்கு" என்று மேற்பார்வையாளர் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். என் சான்று அந்த ஒரு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது போனால் வெளிக்கதவும் ஜன்னல் கம்பியும் ஒட்டப் போக வேண்டியதுதான். அந்தச் சான்றைத் தவிர அப்போது என்னிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மனைவி எட்டு மாதமாகத் தன் தங்கை வீட்டில் இருந்தாள். "உங்ககூடப் பேசறதும் சுவத்துகூடப் பேசறதும் ஒண்ணு. சுவராவது எதிரொலி குடுக்கும்" என்பது அவள் கடைசியாகச் சொன்னது. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

துணைக்கு ஒருவன் உண்டு. நாலு வருஷமாகக் கல்யாணப் பேச்சே பேசிக்கொண்டிருப்பதால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். அவன் வேலை கலனின் மறுமுனையில். அங்கே கைமுட்டி அளவுக்கு ஒரு குழாய் வாய் உண்டு. அதில் கண்ணாடி வைத்து அடைத்து, விளக்கடித்து, என் வெல்டிங் உள்ளே எப்படி விழுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். நான் பேச்சைக் காதில் வாங்கும் நிலையில் இருக்க மாட்டேன். அதனால் கலனில் தட்டுவான். ஒரு தட்டு என்றால், சரியாக ஒட்டவில்லை, நில். இரண்டு தட்டு என்றால், நன்றாக இருக்கிறது, மேலே போ. மூன்று என்றால் டார்ச்சை எடு. அவ்வளவுதான் எங்கள் மொழி. எனக்குப் பிடித்த மொழி.

இரவு 11:20. ஆர்கானைத் திறந்தேன். நிறமில்லை, மணமில்லை. காற்றைவிடக் கனம். கீழிருந்து தண்ணீர் போல நிரம்பும். உள்ளே தலையை விட்டவனுக்கு மூச்சு நிற்பதுகூடத் தெரியாது என்பார்கள். மேலே உள்ள குழாயில் ஆக்சிஜன் மீட்டர். அதன் எண் இறங்கி இறங்கி, 12:35க்கு 0.02 சதவீதம் ஆனது. இனி கலனுக்குள் மூச்சு விட ஒன்றுமில்லை. இனி வெல்டிங் செய்யலாம்.

12:40. சிறு அரவை இயந்திரத்தில் டார்ச்சின் டங்ஸ்டன் முனையைக் கூராக்கினேன். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை மறுமுனையிலிருந்து ஏதோ கத்தினான். "என்ன?" என்றேன். பதில் இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

12:55. ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன்.

ஹெல்மெட்டுக்குள் உலகம் உள்ளங்கை அளவு. ஒரு பச்சை வெளிச்சம், அதன் நடுவில் ஒரு சொட்டு உருகிய உலோகம். டிக் வெல்டிங்கில் பொறி பறக்காது. மெல்லிய சீறல் மட்டும். உருக்கிச் சேர்க்கும் கம்பியின் நுனி டார்ச் வாயுவின் நிழலை விட்டு வெளியே வராமல், ஒவ்வொரு சொட்டாக வைத்தேன். ஒரு சாண் முடிந்ததும் மின்சாரத்தை மெல்லக் குறைத்து, டார்ச்சை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

டக். டக்.

நன்றாக இருக்கிறது. மேலே போ.

அடுத்த சாணுக்கு முன் உலோகம் நூறு டிகிரிக்குக் கீழ் ஆற வேண்டும். நிக்கல் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். சூட்டை அளந்து, நேரத்தை எழுதிவிட்டு, உருளையைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

1:35. நாலாவது சாண் பாதியில்...

டக்.

ஒரே தட்டு. நிறுத்தினேன். உற்றுப் பார்த்தால், இடைவெளியின் ஒரு விளிம்பு உருகாமல் இருந்தது. மயிரிழை. அப்படியே போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். திரும்ப உருக்கிச் சேர்த்தேன்.

டக். டக்.

"கண்ணா அது மாப்ள, கழுகு!" என்றேன். சிரிப்புச் சத்தம் வரவில்லை. அவன் சிரிக்காதது அதிசயம்தான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. ஆறும் நேரத்தில், என்னை அறியாமல் பேச ஆரம்பித்தேன். ஹெல்மெட்டைத் தூக்காமலே.

"வீட்டுக்குப் போனா லைட்டுப் போடவே தோணலடா."

டக். டக்.

"அவ சொன்னது சரிதான். நான் சுவருதான்."

டக். டக்.

மேலே போ என்கிறான். போனேன். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அதற்கு முன்பும் சொல்லாததைச் சொன்னேன். யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம் நான் தனியாக இல்லை. அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

2:25. தட்டும் சத்தம் மாறியிருப்பதாகத் தோன்றியது. மாப்பிள்ளை மரக்கட்டையால் தட்டுவான். இது அடங்கிய சத்தம். விரல் முட்டியால் தட்டுவது போல. அதுவும் மறுமுனையிலிருந்து வரவில்லை. என் டார்ச்சுக்கு நேர் கீழே இருந்து வந்தது. உலோகம் சத்தத்தைக் கடத்தும்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2:40. மீட்டரைப் பார்த்தேன்.

0.02. பிறகு 0.31. பிறகு 0.02. பிறகு 0.31.

எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். இடைவெளிகளை மூடி ஒட்டியிருந்த எல்லா டேப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கசிவு என்றால் எண் ஏறிக்கொண்டே போகும். இது ஏறி இறங்கியது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நாலு விநாடிக்கு ஒரு முறை. சீராக.

என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நானும் நாலு விநாடிக்கு ஒரு முறைதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

"மாப்ள..."

டக். டக்.

கடைசிச் சாண்தான் பாக்கி. அதை முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஹெல்மெட்டைக் கவிழ்த்தேன். 

3:12. வளையம் மூடியது. மின்சாரத்தை மெல்ல, மெல்லக் குறைத்தேன். விரிசல் இல்லை. வெல்டிங் வெள்ளியாக மின்னியது. இனி ஒரே ஒரு வேலை. அரை மணி நேரமாவது வாயுவை மூடக் கூடாது.

3:15.

டக். டக். டக். டக்.

நாலு.

எங்கள் மொழியில் நாலு கிடையாது.

"என்னடா சொல்ற?"

டக். டக். டக். டக்.

எழுந்தேன். கலனைச் சுற்றி மறுமுனைக்குப் போனேன்.

யாரும் இல்லை.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மரக்கட்டை தரையில் கிடந்தது. அதன் மேல் அவன் கையுறைகள், மடித்து வைத்தபடி.

கண்ணாடியைப் பார்த்தேன். பனி படர்ந்திருந்தது. துடைத்தேன். போகவில்லை...

பனி உட்பக்கம் இருந்தது.

ஆர்கானில் ஈரம் கிடையாது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பனி சுருங்கியது. மறுபடி படர்ந்தது. சுருங்கியது...

டக். டக். டக். டக்.

வால்வு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையை அதன் மேல் வைத்தேன். போன முறை மூடியது நினைவுக்கு வந்தது. கருகிய உட்பக்கம். பழைய இரும்புக் கடை.

ஆறும் உலோகம் சத்தம் போடும். எந்த வெல்டரையும் கேளுங்கள், சொல்வார். உலோகம் சுருங்கும்போது டக் டக்கென்று கேட்கும். அதுதான் இது. அதுதான்.

கையை எடுத்துவிட்டேன்.

3:29. நாலு. மெதுவாக.

3:36. நாலு. எண்ணுவதற்குள் மறந்துவிடும் அளவுக்கு மெதுவாக.

மீட்டர். 0.02... 0.09... 0.02...

3:41. மூன்று. நாலாவதுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

மீட்டர் 0.02. அப்படியே நின்றது.

3:52. வாயுவை மூடினேன் என்று தாளில் எழுதியிருக்கிறது.

விடிந்ததும் கருவி அறையிலிருந்து மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே. தலைவலி, பத்து நிமிஷம் படுத்துட்டு வரேன்னு அப்பவே கத்தினேனே. அசந்துட்டேன்."

"எத்தனை மணிக்குப் போன?"

"நீங்க முனை தீட்டறப்ப."

12:40.

 அந்த முதல் ஒட்டின் மேல் மற்ற வெல்டிங் அடுக்குகளை அடுத்த இரண்டு நாளில் போட்டோம். நாலாம் நாள் எக்ஸ்ரே எடுக்க ஆள் வந்தார். ஓய்வுக்குச் சில மாதமே இருந்த மனிதர். கலனின் பழைய எண் பலகை மேல் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "சுத்தமா இருக்கு. ஊசி முனை அளவு குறை இல்ல" என்றார். நான் சந்தோஷப்படவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"ஏன், திருப்தி இல்லையா?"

"இல்ல சார், ஒரு சந்தேகம். எங்கயாவது நாலு தட்டுன்னு ஒரு சைகை உண்டா?"

அவர் படத்தைக் கீழே வைத்தார்.  

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"இந்தக் கலன் செஞ்ச பட்டறைலதான் நான் அப்ப வேலை பார்த்தேன். இப்ப அது மூடியாச்சு. அங்க ஒருத்தர் காத்து முகமூடி மாட்டிக்கிட்டு கலனுக்குள்ளயே போயிடுவார். பக்கத்துல இருந்து ஒட்டு உள்ள எப்படி விழுதுன்னு பார்த்து, முட்டியால தட்டுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு, உங்களுது மாதிரியேதான். நாலுன்னா வாயுவை மூடு, நான் உள்ள இருக்கேன்னு அர்த்தம்."

 அவரே சொன்னார்.

"இந்தக் கலனைச் செய்யறப்ப, அவரோட காத்துக் குழாய் எங்கயோ மடிஞ்சிருந்தது. அவர் வெளிய வந்துட்டார்னு நினைச்சேன். வால்வுகிட்ட நின்னது நான்தான். சத்தம் கேட்டுது தம்பி. நல்லாவே கேட்டுது. உலோகம் ஆறுதுன்னு நினைச்சேன்."

அன்று மாலை மனைவிக்குப் போன் செய்தேன். அவள் மூன்று முறை அலோ சொன்ன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நீ ஏதாவது சொல்லு. நான் கேக்கறேன்."

மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது வேறு பட்டறையில் இருக்கிறான். மேற்பார்வையாளர் எனக்குக் கை கொடுத்துப் பாராட்டினார், பிறகு மறந்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தவர் ஓய்வு பெற்ற மறு வருஷம் இறந்தார். மனைவி திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுகிறோம். என் சான்று என்னிடம்தான் இருக்கிறது. நான் இன்றும் நிக்கல் வேலைதான் செய்கிறேன். ஆனால் ஆறும் உலோகத்தின் பக்கத்தில் உட்காருவதில்லை.

அந்தக் கலன் ஆலைக்குத் திரும்பிப் போய்விட்டது. நன்றாக உழைக்கிறதாம். என் வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை என்றும், அதை இன்னும் முப்பது வருஷத்துக்குத் திறக்க வேண்டிய தேவையே இருக்காது என்றும் எழுதியிருந்தார்கள்.