மாமாவுக்காகத் தின்ற நாற்பத்தோரு நாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் உடம்பில் சதை பிடித்திருந்தவர்கள் மூன்றே பேர். பெரிய கங்காணி ஒருவர், துரையின் குதிரை ஒன்று, மூன்றாவது என் தாய்மாமா. மற்ற எல்லோரும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிப் பெயர் கொடுத்து, மலையேறி, கொழுந்துக் கூடையோடு மலையிறங்கி, சதை வைக்க நேரமில்லாமல் கிடந்தவர்கள். அதனால் மாமாவின் தொப்பையை யாரும் கேலி செய்ததில்லை. கோயில் தேரைப் பார்ப்பது மாதிரி ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வாசலில் அவர் வந்து நின்றால் அறைக்குள் இருட்டிவிடும். நான் அவர் மடியில் சாய்ந்து வயிற்றில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே மழைக்கு முன்னால் உறுமுகிற மாதிரி உறுமும். இவ்வளவு பெரிய ஆள் என் சொந்த மாமா என்று நினைக்கும்போது எனக்குப் பெருமை தாங்காது.

இலங்கை மலைநாட்டில் ஹாலிஎலைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அவர் துரை பங்களாச் சமையல்காரர். பதுளைக்கு ரயில் வராத காலம். மாவும் வெண்ணெயும் காய்ந்த திராட்சையும் பதுளை முஸ்லிம் நானா கடையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து சேரும். பங்களாக் குசினியில் அவை மாமாவின் கையில் பட்டு என்னென்னவோ ஆகும். அவர் உப்புப் பார்க்க ஒரு வாய் போடுவார், உறைப்புப் பார்க்க ஒரு வாய் போடுவார், இரண்டும் ஒத்துப் போகிறதா என்று பார்க்க ஒரு கிண்ணம் குடிப்பார். பிறகு வீட்டுக்கு வந்து அத்தை வைத்த கருவாட்டுக் குழம்பில் மலை மாதிரி சோறு. கேட்டால், பங்களாவில் தின்றது பங்களாவோடு போயிற்று, வீட்டில் தின்பதுதான் சாப்பாடு என்பார்.

மாமாவுக்கும் அத்தைக்கும் கல்யாணமாகிப் பத்து வருஷம். பிள்ளை இல்லை. அத்தை அதைப் பற்றி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் மாரியம்மன் திருவிழாவில் அருச்சுனன் தபசுக் கூத்து வரும்போது மட்டும் அவள் முகம் மாறிவிடும். அந்தக் கூத்தில் அருச்சுனன் வேஷம் கட்டியவர் கோயிலடியில் நட்ட உயரமான மரத்தில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து தவம் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கீழே போடுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றி உட்கார்ந்து முந்தானை ஏந்துவார்கள். எவள் முந்தானையில் பழம் விழுகிறதோ அவளுக்கு அடுத்த வருஷம் தொட்டில் என்பது எங்கள் தோட்டத்து நம்பிக்கை. இதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. ஏழு வயதில் இது என் காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

மாமாவுக்கு வெண்கலக் குரல். ஆகவே அருச்சுனன் என்றால் அவர்தான். ஆனால் எனக்கு ஆறு வயதான வருஷம் பதினோராம் படியில் கால் வைத்ததும் படி சடக்கென்று முறிந்து, அருச்சுனன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சறுக்கியபடியே தரைக்கு வந்து சேர்ந்தார். மிச்சப் படிகளைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஓர் ஒல்லி ஆள் ஏறி முடித்தான். அவன் போட்ட பழம் கீழ் லயத்துப் பெண் ஒருத்தியின் முந்தானையில் விழுந்தது. மறு வருஷம் அவள் வீட்டில் ஆண் குழந்தை அழுதது. அத்தை அந்தக் குழந்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மாமா ஒரே பிடியாய் நின்றார். இந்த வருஷம் நான்தான் ஏறுவேன், உச்சி வரைக்கும் ஏறுவேன் என்றார். கூத்து வாத்தியார் மெலிந்த மனிதர், மரியாதை தெரிந்தவர். மாமாவை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, மரத்தில் ஏற்றவும் பயம். யோசித்து யோசித்து ஒரு வழி சொன்னார். தேயிலை ஆலையில் பெட்டி நிறுக்கும் பெரிய தராசு இருக்கிறது. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால் மாமா அதில் ஒரு தட்டில் உட்கார வேண்டும், மற்றத் தட்டில் இரண்டு பெட்டித் தேயிலை.

"ரெண்டு பெட்டிக்கு மேல ஒரு எல கூட இருந்தாலும் மரத்துல கால வைக்கப்படாதுங்க," என்றார் வாத்தியார்.

அன்றைக்கு மாமா இரண்டேகால் பெட்டி இருந்தார். கையில் காப்புக் கட்டி நாற்பத்தோரு நாள் விரதம் ஆரம்பமானது. ஒரு வேளைச் சோறு, அதுவும் அத்தை கையால் அளந்து, கீரையோடும் மோரோடும். அத்தையும் அதே ஒரு வேளைதான். ஆனால் மாமா பகலெல்லாம் இருப்பது நெய்யும் இறைச்சியும் மணக்கும் குசினியில். காவலுக்கு ஆள் வேண்டுமே. அத்தை என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

"மாமா கை வாய்க்கிட்ட போச்சுன்னா 'அருச்சுனா'ன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள். மாமாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு அனுமதி கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

முதல் நாளே சங்கடம் வந்தது. உப்புப் பார்க்காமல் சூப்பைத் துரைக்கு அனுப்ப முடியாது. மாமா கரண்டியைக் கையில் எடுத்தார். நான் "அருச்சுனா" என்றேன். அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டு அதை என் வாய்க்குள் வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"நல்லா இருக்குன்னு நாய்கூட வால ஆட்டிச் சொல்லிரும். எப்படி இருக்குன்னு சொல்லுத்தா."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஏற்பாடு. நான் தின்பேன், தின்று சொல்வேன். மாமா கண்ணை மூடி, கையைத் தொப்பைமேல் வைத்துக்கொண்டு கேட்பார். நுனி நாக்கில் என்ன, அடி நாக்கில் என்ன, விழுங்கின பிறகு என்ன மிச்சம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும். வெண்ணெய் போட்ட கேக்கின் விளிம்பு வாயில் முதலில் மண்ணாங்கட்டி மாதிரி நின்று பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கரைந்து போகும் என்று ஒருநாள் சொன்னேன். மாமா அப்படியே உட்கார்ந்து எச்சிலை விழுங்கினார். நான் சொல்லச் சொல்ல அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. என் வாயிலிருந்து வருகிற பேச்சை ஒரு பெரிய மனிதர் இப்படிச் சாப்பிடுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அவரும் மனிதர்தானே. துரை பங்களாவில் விருந்து நடந்த நாளில், முட்டையும் பாலும் கலந்து அவித்த புட்டிங்குக்குள் அவருடைய ஆள்காட்டி விரல் தானாகப் போய்விட்டது. விரல் மீசை வரைக்கும் வந்தாயிற்று. நான் "அருச்சுனா" என்றேன். விரல் அங்கேயே நின்றது. மறுபடி "அருச்சுனா" என்றேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, விரலைப் பின்பக்கமாக என்னிடம் நீட்டினார். நான் அதை நக்கிச் சுத்தம் செய்தேன். பசியோடு இருக்கிற ஒருவர் இனிப்பு ஒட்டிய தன் விரலையே இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த மரியாதை இன்றைக்கும் போகவில்லை.

மாமா இளைத்தார். கன்னம் உள்ளே போயிற்று, வேட்டியை இன்னொரு சுற்று சுற்ற வேண்டி வந்தது. ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அப்படி இன்னமும் பெரிய ஆள்தான், ஆனால் வாசலில் நின்றால் ஓரமாய்க் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இந்தப் பக்கம் எனக்குப் பாவாடை நாடா எட்டவில்லை. என்னடி, மூச்சு வாங்குகிறாய் என்று அம்மா ஒரு நாள் என் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

தராசு நாளன்று தோட்டமே ஆலையில் கூடிவிட்டது. இரண்டு பெட்டியை ஒரு தட்டில் ஏற்றினார்கள். மாமா கடுக்கனைக் கழற்றி அத்தை கையில் கொடுத்தார். துண்டை உருவிப் போட்டார். மீசையை எடுக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது, மீசையில்லாத அருச்சுனன் எங்கே இருக்கிறான் என்று வாத்தியார் தடுத்துவிட்டார். மாமா தட்டில் உட்கார்ந்தார். சங்கிலி முனகியது. தட்டு கீழே போனது, யோசித்தது, பிறகு மெல்ல மெல்ல ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது. ஜனம் ஓவென்று கத்தியது. அத்தை கடுக்கன் இருந்த கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் மாமா பக்கத்தில் தட்டில் ஏறினேன். தட்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. காணாமல் போன கால் பெட்டி இதோ இங்கே இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஆலை முழுக்கச் சிரித்தது.

திருவிழாவில் விடிகிற நேரத்துக்கு மாமா மரத்தடிக்கு வந்தார். மேலெல்லாம் திருநீறு, தோளில் வில். பனி மரத்தின் பாதியை மறைத்திருந்தது. கீழே பெண்கள் முந்தானை ஏந்தி உட்கார்ந்திருந்தார்கள், அத்தை முன்வரிசையில். மாமா முதல் படியில் கால் வைத்துப் பாட ஆரம்பித்தார். தப்பு மேளக்காரர்கள் அடிப்பதை மெதுவாக்கினார்கள். ஒரு படி, ஒரு பாட்டு. பத்தாம் படிக்குப் பிறகு அவர் நின்றார். பாட்டும் நின்றது. மரம் லேசாக ஆடுவது எனக்குத் தெரிந்தது. நான் மூச்சு விடவில்லை. பதினோராம் படியில் பாதத்தை வைத்தார், அழுத்தினார், முழுப் பாரத்தையும் கொடுத்தார். படி தாங்கியது. நின்ற இடத்திலிருந்து பாட்டு மறுபடி கிளம்பியபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவ்வளவு பெரிய மனிதர் பனிக்குள் ஏறி, காலும் மறைந்து, குரல் மட்டும் மேலிருந்து வந்தது. மாமா இனிமேல் கீழே வரமாட்டார், நேராக வானத்துக்கே போய்விடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

வெயில் வந்து பனி விலகியது. மாமா உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திருநீறு விழுந்தது, பூ விழுந்தது. பிறகு பழம். கண்ணை மூடித்தான் போட வேண்டும். ஆனால் அவர் கண் மூடுகிற விதம் நாற்பத்தோரு நாளாக எனக்குப் பழக்கம். இடது கண்ணை அரைக்கால் திறந்திருந்தார். பழம் நேராக அத்தையின் முந்தானைக்குத்தான் வந்தது. வந்து நுனியில் பட்டது. இருபது கைகள் ஒரேயடியாகப் பாய்ந்ததில் துள்ளி, கால்களுக்கு நடுவே புகுந்து, சரிவில் உருண்டு, தேயிலைச் செடியடியில் நின்றிருந்த என் காலில் வந்து முட்டியது.

மாமா கொடுப்பதைத் தின்று பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்வது என் வேலை. அவர் போட்ட பழம் இத்தனை உயரத்திலிருந்து, இத்தனை பேரைத் தாண்டி, என்னைத் தேடி வந்திருக்கிறது. நான் அதை எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தை மண்டியிட்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். மெட்டியைத் தொலைத்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். வீட்டில் யாருமில்லை. பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு, தோலோடு தின்று முடித்தேன்.

மறுநாள் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். பழத்தை எவளோ எடுத்து ஒளித்துவிட்டாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. நான் எதையும் ஒளிக்கவில்லையே, அதனால் அந்தப் பேச்சு என்னைப் பற்றியதாக எனக்குப் படவில்லை. வழக்கம்போலக் குசினிக்குப் போனேன். விரதம் முடிந்த மாமாவின் முன்னால் ஒரு தட்டு நிறையச் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் இருந்தது. அவர் கை வைக்கவில்லை. நான் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் போட்ட பழத்தை நான்தான் சாப்பிட்டேன் மாமா என்றேன்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பழையபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு? சொல்லுத்தா."

நான் ஒன்று விடாமல் சொன்னேன். நுனி நாக்கில் உப்பு, ஓரத்தில் சுரீரென்று புளிப்பு, காதுக்குக் கீழே கூச்சம், கடைசியில் தோலின் கசப்பு. அத்தனை நாளில் அவ்வளவு அழகாக நான் சொன்னதேயில்லை. கொட்டை இருந்ததா என்று கேட்டார். ஏழு என்றேன். எங்கே என்றார். துப்பிவிட்டேன் என்றேன். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. புளிப்பை நினைத்தால் எனக்கும் கண்ணில் தண்ணீர் வரும், ஆகவே நான் சொன்னது நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"அத்தைகிட்டச் சொல்லாத," என்றார். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கும் திங்கணும்னு ஆச வந்துரும்," என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். அவருக்கு இன்னும் விரதம் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சோற்றையும் கறியையும் நானே சாப்பிட்டு முடித்து, அது எப்படி இருந்தது என்றும் அவருக்குச் சொன்னேன்.