ஸ்க்ரூவில் ஒரு கீறல்

மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கியதும் கடைக்காரர் முதலில் பார்ப்பது லென்ஸை அல்ல. சட்டமும் காதில் மாட்டும் காலும் சேருகிற இடத்தில் கடுகளவில் ஒரு ஸ்க்ரூ இருக்குமே, அதைத்தான். பூதக்கண்ணாடியை ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார். தானாகக் கழன்ற ஸ்க்ரூவின் தலை சுத்தமாக இருக்கும். ஆறு விநாடியில் முடுக்கிக் கொடுத்து, "ஆச்சு, கிளம்புங்க" என்று அனுப்பிவிடுவார். கத்தி முனையாலோ ஊக்காலோ யாராவது நெம்பியிருந்தால் தலையில் கீறல் விழுந்திருக்கும். அப்போது மட்டும் அவர் கை நடுங்கும். ஸ்க்ரூ கழன்று மேசைக்கடியில் விழும். "அடடா, விழுந்துருச்சே. தேடணும். நீங்க உக்காருங்க, என்ன அவசரம்?"

அந்த நடுக்கம் சுத்தப் பொய். முப்பது வருஷமாக ஸ்க்ரூ முடுக்கும் கைக்கு அப்படியெல்லாம் நடுங்கத் தெரியாது. மேசைக்கடியில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருக்கிறார். விழுந்தது எங்கே என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனாலும் மனிதர் கால் மணி நேரம் தவழ்வார். மேலே உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணாடி இல்லாமல் எதுவும் சரியாகத் தெரியாது. கேட்கிறவர் முகமும் மேசைக்கடியில் இருக்கிறது. அப்போதுதான் சிலருக்கு வாய் திறக்கிறது.

"ரெண்டு மாசமா தலை சீவவே பிடிக்கலைங்க" என்பார் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. "அழுதுகிட்டேதான் வண்டி ஓட்டுறேன். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு எங்க தெரியப்போகுது?" என்பார் டாக்சிக்காரர். கீழேயிருந்து "ம்" மட்டும் வரும். புத்திமதி கிடையாது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைச் சீட்டின் பின்பக்கம் ஒரு நம்பர் எழுதிக் கொடுப்பார். "நான் போற டாக்டரம்மா. நல்லா காது குடுத்துக் கேப்பாங்க."

ஐம்பதை நெருங்குகிறவர்; கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விற்காமல் தங்கிப்போன சட்டங்களைத்தான் தனக்கு மாட்டிக்கொள்வார். போன வருஷம் முழுக்கக் கிளிப்பச்சை. "ஒருத்தரும் கட்டிக்க மாட்டேன்னா நானாச்சும் கட்டிக்கிறேன்" என்பார்.

அந்தக் கிளிப்பச்சைச் சட்டத்தோடுதான் அந்த வீடியோவிலும் இருக்கிறார். கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் புது மாடல்களைப் போடுகிறவர், ஒரு நாள் தன்னையே போட்டுவிட்டார். "எட்டு மாசமா காலையில எந்திரிச்சுப் பல்லு தேய்க்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது. பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு சும்மா நிப்பேன். சோம்பேறித்தனம்னு நெனச்சேன். மனச்சோர்வாம். மாத்திரை சாப்பிடுறேன். வெக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லிட்டேன். உங்களுக்கும் அப்படி இருந்தா, கண்ணாடி லூசாயிருச்சுன்னு சொல்லிக்கிட்டாவது வாங்க."

இதயங்கள் வந்தன, கும்பிடும் கைகள் வந்தன. 'கடைக்காரருக்கே ஸ்க்ரூ லூசு' என்றும் ஒருவர் எழுதினார். அதற்கு அவரே ஒரு லைக் போட்டார். நிஜமாகவே கண்ணாடியோடு சிலர் வந்தார்கள். வெறுங்கையோடு வந்து மனசைக் கொட்டக் கூச்சம். வீட்டிலேயே ஸ்க்ரூவை நெம்பி எடுத்துக்கொண்டு வந்தார்கள். கீறல் காட்டிக்கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. இவரும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வராதவள் அக்கா ஒருத்திதான். தாயில்லாத வீட்டில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அடுத்த தெருவில் இருக்கிறாள். வீடியோ வந்த மறுநாள் கடை வாசலிலேயே நின்று கத்தினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முதல்ல பாக்குறதே ஃபேஸ்புக்தான்டா. தாய்மாமனுக்கே இப்படின்னா என் பொண்ணை யாரு கேப்பா? அழிச்சுடு."

அவர் அழிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீடியோ போட்ட வாரத்தில் பெயர் போடாமல் ஒருவன் செய்தி அனுப்பியிருந்தான்: 'அண்ணே, நானும் அப்படித்தான். பேசலாமா?' அது வந்த இரண்டு நாளும் இவருக்கே எழுந்திருக்க முடியாத நாட்கள், ஃபோனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பார்த்துப் பதறிப்போய், 'பேசலாம் தம்பி, இப்பவே பேசலாம்' என்று எழுதினார். அந்தப் பதில் இன்னும் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைப்பார். "அந்தப் பையன் என்னைக்காவது தேடி வந்தா, வீடியோ அங்க இருக்கணும்ல?" என்றார் அக்காவிடம்.

அக்காவுக்கு அது எடுபடவில்லை. ஏழு மாதமாகப் பேச்சில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் குறைச்சலில்லை. அக்காவின் கணவர் வேலைக்குப் போகிற வழியில் கேரியரை வைத்துவிட்டுப் போவார். "எப்படி இருக்கா?" என்று கேட்டால், "இருக்கா. சரியாத் தூங்குறதில்ல. வேலை ஜாஸ்தி" என்பார். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டில் உப்பு இல்லை. கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசாமல் சாப்பிட்டார்.

நேற்று மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அக்கா வந்தாள். புடவை ஏனோதானோ என்று இருந்தது. முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கால் ஆடுது. என்னன்னு பாரு."

பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நாலைந்து கீறல்கள், எல்லாம் புதுசு. ஒன்று வழுக்கிக்கொண்டு சட்டத்தின் மேலேயே நீளமாக ஓடியிருந்தது. திரும்பி அக்காவின் கையைப் பார்த்தார். கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது.

உப்பில்லாத சாப்பாடு அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்தத் தடவை கை நிஜமாகவே நடுங்கியது.

"விழுந்துருச்சுக்கா. தேடணும். உக்காரு."

மேசைக்கடியில் புகுந்தார். வெள்ளைத் துணியின் நடுவில் ஸ்க்ரூ மினுங்கிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மேலே நாற்காலி ஒரு தரம் கிரீச்சிட்டது.

"டேய்" என்றாள் அக்கா. "பல்லு தேய்க்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு சொன்ன?"

அவர் உள்ளங்கையைத் திறந்து, ஸ்க்ரூவை மறுபடியும் துணிமேலேயே வைத்தார்.