மொட்டை மாடியில் ஒரு தீக்கோளம்

கொல்கத்தாவின் நியூ டவுனில் நான் தனியாகக் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்டில் ஒருநாள் புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. மாலை ஆறுக்கு மேல் பெண்கள் தனியாக மொட்டை மாடிக்குப் போகக் கூடாதாம். பாதுகாப்புக்காம். 'பெண்கள்' என்று பன்மையில் போட்டிருந்தாலும் அது என் ஒருத்திக்காக எழுதியது. போன மாதம் விண்கல் பொழிவு பார்க்க அங்கே பாய் விரித்துப் படுத்தவள் நான்தான்.

நேராகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் வங்காளி, ஆனாலும் என்னிடம் இந்தியில்தான் பேசுவார். நான் வங்க மொழியிலேயே கேட்டேன்.

"ஆம்பளைங்க தினமும் மேல போய் சிகரெட் பிடிக்கிறாங்களே, அவங்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?"

"அது வேற, தீதி. அதுவுமில்லாம கொல்கத்தா புகையில நட்சத்திரம் எங்க தெரியுது?"

"தனியாத்தானே போகக் கூடாது?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நான்காம் மாடியில் கணவரை இழந்த ஒரு பெண்மணி இருந்தார். பௌதி என்றுதான் கூப்பிடுவேன். நம் ஊர் அண்ணி மாதிரி. டிசம்பர் பொழிவன்று, "வர்றீங்களா?" என்றேன். குளிருமே என்று இழுத்தவர், ஐந்தே நிமிடத்தில் குரங்குக் குல்லாயும் சால்வையுமாக வந்து நின்றார்.

ஏழரைக்கு மாடியில் படுத்தோம். விமான நிலையம் பக்கம் என்பதால் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பௌதி, "அதுவா?" என்பார். "அது ஃப்ளைட்" என்பேன். அரை மணி நேரம் இப்படியே போனது. பிறகு கதவு திறந்தது. டார்ச்சோடு செயலாளர்.

"ரெண்டு பேரும் கீழ இறங்குங்க."

"நாங்க தனியா இல்லையே" என்றார் பௌதி, படுத்தபடியே.

செயலாளர் அறிவிப்பின் நோக்கத்தை விளக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கிழக்கிலிருந்து அது வந்தது. பச்சையும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாமல், எங்கள் தலைக்கு மேலே வானத்தின் பாதியைக் கடந்து, இரண்டாக உடைந்து அணைந்தது. பௌதி என் மணிக்கட்டைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்துவிட்டது. எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் ஆகாது, உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று என் அம்மா சொல்வாள். நான் எந்த மரத்தையும் தேடவில்லை. அடுத்தது வருமா என்று கிழக்கையே பார்த்தேன்.

செயலாளர் எங்கள் முகத்தில் டார்ச் அடிப்பதில் மும்முரமாக இருந்ததால் எதையும் பார்க்கவில்லை. "என்ன? என்ன ஆச்சு?" என்றார்.

"டார்ச்சை அணைங்க. அணைச்சா நீங்களும் பார்க்கலாம்" என்றேன்.

அணைக்கவில்லை. "கமிட்டியில சொல்றேன்" என்றார்.

"சொல்லுங்க. நாங்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருப்போம், அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

கமிட்டி என்னைக் கூப்பிட்டது. இந்த விதி எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது என்று கேட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்; அறிவிப்பை மட்டும் கிழிக்கவில்லை. அது இன்னும் லிஃப்டில்தான் இருக்கிறது. பொழிவு வரும் மாதங்களில் அதைப் படித்துக்கொண்டே மேலே போகிறேன், பெரும்பாலும் தனியாக.