அவர் பெயரில் ஒரு துளை

அந்த விரல்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பத்தும் வீங்கி, மடக்க முடியாமல், மேசைமேல் விரித்தபடி கிடந்தன. சிக்குன்குனியா திருப்பூரில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களை முடக்கிப் போட்டிருந்த நேரம் அது. பனியன் கம்பெனிகளில் பாதித் தையல் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. எங்கள் சைட் இன்ஜினியர் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி ராயபுரத்து ஆபீசுக்கு வந்துவிட்டார். மௌஸைப் பிடிக்க அவரால் ஆகவில்லை. "நீ நகத்துடே, நான் சொல்லுதேன்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்குள் தன் பெயரிலேயே போகச் சொல்லி, கடவுச்சொல்லையும் வாய்விட்டுச் சொன்னார். மூன்று நாள் அப்படி வேலை நடந்தது. காய்ச்சலில் அவர் கண்கள் செருகும், நான் நிறுத்துவேன், விழித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வளைகுடா நாட்டில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, எங்கள் காண்ட்ராக்டரிடம் வந்து சேர்ந்தார். அங்கே பழகிய முறையை இங்கேயும் கொண்டு வந்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தார். கட்டிடத்தை மண்ணில் எழுப்புவதற்கு முன்பே தூண், பீம், பைப், ஒயர் என்று ஒன்று விடாமல் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்துவிடும் முறை அது. அதற்கு மாடல் என்று பெயர். ஒரே இடத்துக்கு ஒரு பைப்பும் ஒரு பீமும் வந்து முட்டிக்கொண்டால் அங்கே சிவப்பு விழும். "இங்க செவப்பு விழுந்தா சைட்ல ரத்தம் விழாதுடே" என்பார். அந்த மாடலை வரைவதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். மற்ற இன்ஜினியர்கள் எல்லாரும் சைட்டில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். ஆபத்தான எதையாவது கண்டால் அதில் எழுதி, காண்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். நாளைக்கு ஏதாவது என்றால் தங்கள் தலை தப்ப வேண்டுமே. இவர் அந்த நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டார். எல்லாம்தான் மாடலில் இருக்கிறதே என்றார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அவர்மேல் ஒரு கறுவல் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைச் சைட்டுக்கு அழைத்துப் போய், கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்கும்போது, "நீ வரைஞ்ச பீம் எதுடே, தொட்டுக் காட்டு" என்றார். நான் வேறொன்றைத் தொட்டேன். மேலே சென்ட்ரிங் பலகையில் நின்றவர்கள்வரை சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார் என்பதெல்லாம் சரி. டீயைக் குடித்தேன், சிரிப்பை மறக்கவில்லை. அவ்வளவு அற்பமான ஆள் நான்.

அப்போது கட்டிக்கொண்டிருந்தது ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் நான்கு மாடிக் கட்டிடம். தூண்கள் எழும்பிய பிறகு கம்பெனி முதலாளி ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். பாய்லர் இருக்க வேண்டியது அக்னி மூலையில் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். பாய்லர் தென்கிழக்குக்கு மாறியது. அயர்னிங் செக்‌ஷனுக்கு அங்கிருந்து நீராவி கொண்டுபோகும் பைப், இரண்டாம் மாடியின் பெரிய பீமைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அதுவும் தூணை ஒட்டி. பீமில் வேறு எங்காவது கை வைத்தாலும் வைக்கலாம், தூணோரத்தில் மட்டும் வைக்கக் கூடாது. சுமை முழுவதும் இறங்கும் இடம் அது. அந்தக் காய்ச்சல் நாட்களின் கடைசி மாலையில்தான் அந்தச் சிவப்பு விழுந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதத் தொடவே கூடாது. பைப்பு கீழ எறங்கிப் போகட்டும்" என்றார். அதையே அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லி, தன் பெயரையும் தேதியையும் போடச் சொன்னார். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்.

காண்ட்ராக்டர் குனிந்து பார்த்தார். அவர் யாரையும் ஒருமையில் பேசிக் கேட்டதில்லை. திட்டுவதாக இருந்தாலும் ஒரு 'ங்க' சேர்ந்துவிடும். "ஏனுங்க இன்ஜினியர், பைப்பக் கீழ எறக்குனா ரூமோட ஒசரம் கொறையுதுங்கல்ல? அதுக்கு யாருங்க பதில் சொல்றது? நீங்க ஊட்டுக்குப் போய்ப் படுங்க, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது பாருங்க" என்றார். இன்ஜினியர் போய்ப் படுத்தவர் இரண்டு வாரம் எழவில்லை. அதற்குள் பைப் வேலை ஆட்கள் காண்ட்ராக்டர் சொன்னபடி அந்தப் பீமைத் தூணோரத்தில் கொத்தி, குறுக்கே வந்த கம்பிகளையும் அறுத்து, பைப்பை நுழைத்துவிட்டார்கள்.

தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிரித்த நாளில் பீம் வெடித்தது. தளத்தின் ஒரு மூலை அப்படியே கீழே வந்தது. அடியில் ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த ஒரு சித்தாளின் கால்மேல் விழுந்தது. மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாளே ஊரெல்லாம் ஒரே கேள்விதான்: பீமில் துளை போடச் சொன்னது யார்? சொன்னவர் இனி இந்தத் தொழிலில் தலை காட்ட முடியாது. இன்ஜினியர் நடக்கவே தெம்பில்லாமல் இருந்தாலும் கலங்கவில்லை. "மாடல்ல எழுதியிருக்கு, தெறந்து பாத்தாத் தெரியும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்று மத்தியானம் காண்ட்ராக்டர் என் மேசைக்கு வந்தார். தன் கையாலேயே இளநீர் கொண்டு வந்து வைத்தார். "கண்ணு, அந்தச் செகப்பு இன்னுமா அதுல கெடக்குது? பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்கல்ல?" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். "எடுத்துடறனுங்க" என்றேன். எடுத்தேன். சிவப்பும் அவர் எழுதச் சொன்ன வரியும் போன பிறகு பார்த்தால் அந்த இடம் வெறுமையாக இருந்தது. கட்டிடத்தில் துளை இருக்கிறது, மாடலில் இல்லை; யாராவது கேட்பார்களே என்று தோன்றியது. கம்ப்யூட்டரின் தேதியைக் காய்ச்சல் நாளுக்குத் திருப்பி வைத்தேன். அவர் பெயரில் உள்ளே போய், அவர் கடவுச்சொல்லைத் தட்டி, தூணோரத்தில் ஒரு துளையை வரைந்தேன். பக்கத்தில் அவர் பெயர், அவர் தேதி. அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. என் சொந்த யோசனை அது. சுத்தமாக வேலை முடிந்த திருப்தியோடு இளநீரைக் குடித்தேன்.

கம்பெனி முதலாளியின் அறையில் விசாரணை நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். இன்ஜினியர் என்னைப் பார்த்துத் தைரியமாகத் தலையசைத்தார். "ரெண்டாம் மாடிடே, அந்தப் பீமு, திருப்பு" என்றார். திருப்பினேன். சிவப்பு இல்லை. துளை இருந்தது. அவர் என்மேல் பாய்வார் என்று காத்திருந்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய்த் தன் பெயரையும் தேதியையும் திரும்பத் திரும்ப வாசித்தார். "இன்ஜினியருங்க ஏதாச்சும் நோட்டுல எழுதி வெச்சிருக்காருங்களா?" என்று காண்ட்ராக்டர் பணிவாகக் கேட்டார். இன்ஜினியர் இல்லை என்று தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காய்ச்சல்ல மாத்திப் போட்டுட்டேன் போலுக்கு. மாடல்ல எம் பேரு இருக்குன்னா நான்தான் போட்டிருக்கணும்."

தன் ஞாபகத்தைவிட மாடலை நம்பினார். நான் வாயைத் திறந்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். திரையை அணைத்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

இப்போது எனக்குக் கோயம்புத்தூரில் சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது. கட்டுமான வேலையில் ஆபத்தைக் குறைப்பது எப்படி என்று கல்லூரிகளுக்குப் போய்ப் பேசுகிறேன். நன்றாகவே பேசுகிறேன் என்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் அவிநாசி சாலையில் ஒரு நூல் குடோனை அளக்கப் போனேன். வாசலில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். நரைத்து, பாதியாக இளைத்திருந்தார். அதற்குப் பிறகு எந்தக் கட்டிடத்திலும் அவர் கால் வைக்கவில்லையாம். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் மனைவியோடு அந்தச் சித்தாளைப் பார்க்கப் போகிறாராம். முதல் சில வாரங்கள் அவள் கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்து, தனக்குத் தேவைப்படாமல் போன ஒற்றைச் செருப்பை அவர் முகத்தில் எறிந்தாளாம். அதைச் சொல்லும்போது, தனக்கு அது வேண்டியதுதான் என்பது போல அவர் தலையாட்டிக்கொண்டார்.

டீ வரவழைத்தார். "ஒரு காரியம் ஒங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன்டே" என்றார். "அன்னைக்கு நீ நெனச்சிருந்தா, விசாரணைக்கு முன்னால அந்தத் தொளைய அழிச்சிட்டு என்னயக் காப்பாத்தியிருக்கலாம். கூட இருந்த பாசத்துக்குச் செஞ்சிருக்கலாம்லா? நீ செய்யல. உள்ளத உள்ளபடி காட்டுன. கோயில்ல சபைக்கு முன்னால சாட்சி சொல்லும்போது எம் பாவத்தையும் சொன்னேன், ஒன்னயப் பத்தியும் சொன்னேன். வேலைக்குச் சேந்து நாலு மாசம் ஆகாத பையனுக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமப் போச்சேன்னு."

"அப்படியெல்லாம் இல்லீங்க சார்" என்றேன்.

அடக்கம் என்று நினைத்து என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.