இடுக்கியால் விதைத்த பாலிகை

கோவிந்தராஜின் இருபத்தாறு வருட உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு விதையை இன்னொன்றோடு ஒட்டவிடாமல் வைப்பது. புனேயில் ஒரு விதைப் பரிசோதனை அலுவலகத்தில் வேலை. ஈரக் காகிதத்தில் இடுக்கியால் நூறு விதைகளை இடைவெளி விட்டு அடுக்குவார், சுருட்டி வைப்பார், ஒரு வாரம் கழித்து முளைத்ததை எண்ணுவார். நெருக்கி வைத்தால் ஒன்றில் பிடித்த பூஞ்சணம் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும்.

மனுஷர் இந்த நியாயத்தைப் போபோடியில் தாம் குடியிருந்த சந்துக்கும் கொண்டுவந்துவிட்டார். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்று பதினாறு வருடமாகக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். மனைவி வேதநாயகி மட்டும் அவர் ஆபீஸ் கிளம்பியதும் கதவைத் திறந்து, ஒன்பதிலிருந்து ஐந்து மணி வரை ஊரோடு ஒத்து வாழ்ந்தாள்.

2002இல் மகள் அகல்யாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை, பூர்வீகம் கோயம்புத்தூர். எல்லாம் சரி, ஆனால் அவருக்குப் பாலாம்பாள் என்று ஓர் அத்தை இருந்தார். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு மண் கிண்ணங்களில் நெல், எள், கடுகு, உளுந்து, பச்சைப்பயறு ஐந்தையும் தெளித்து முளைப்பாலிகை போட வேண்டும். முளை அடர்ந்து வந்தால்தான் குடித்தனம் தழைக்கும் என்பது அத்தையின் கட்சி. போன வருடம் ஒரு கல்யாணத்தில் பாலிகை சொட்டை விழுந்து வந்ததென்று, தாலி ஏறிய பிறகும் சொல்லிக்காட்டி அந்தப் பெண்ணை அழவைத்தவர். இங்கேயும் முகூர்த்தத்துக்கு முதல்நாள் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அகல்யாவுக்கு அதை நினைத்தே சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கோ, விதைக்காரன் வீட்டிலேயே விதை காலை வாரினால் வெளியே தலைகாட்ட முடியாதே என்ற பயம்.

தெளிக்க ஐந்து சுமங்கலிகள் வேண்டும். உறவுக்காரர்கள் வேலூரிலிருந்து இன்னும் ரயிலே ஏறவில்லை. வேதநாயகி சந்துக்குள் ஒரு நடை போனாள், ஐந்து பேர் வந்துவிட்டார்கள். ஊறவைத்த தானியத்தைக் கைநிறைய அள்ளி, பேச்சும் சிரிப்புமாகக் கிண்ணங்களில் போட்டார்கள். கோவிந்தராஜ் மனைவியைத் தனியே கூப்பிட்டார்.

"ஒண்ணு மேல ஒண்ணு கிடக்குது வேதா. அத்தனையும் அழுகிடும்."

"உங்க ஆபீஸ் கணக்கை இங்க கொண்டுவராதீங்க," என்றாள் அவள்.

அவர் கேட்பவரா? அன்று சாயங்காலமே தனியாக ஐந்து கிண்ணம் எடுத்தார். ஆற்றங்கரைக் கரிசலை இரண்டு முறை சலித்து நிரப்பினார். இடுக்கியும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் இடைவெளி விட்டு, வகைக்கொரு வரிசையாக ஊன்றினார். கடுகு மற்றதை வளரவிடாது என்று அதை ஓரமாக ஒதுக்கினார். பெண்கள் போட்டது அழுகியதும் இதைத் தூக்கி முன்னால் வைத்துவிடலாம்.

நாலாம் நாள் காலை பெண்களின் கிண்ணங்களில் மண் பாளம் பாளமாக மேலே எழும்பியிருந்தது. உளுந்தும் பயறும் கும்பலாக முட்டித் தூக்கிய வெடிப்புகளின் வழியே எள்ளும் கடுகும் நோகாமல் வந்திருந்தன. அவருடைய கிண்ணங்களில் மேல்மண் காய்ந்து ஓடாக இறுகிக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு பயறு எட்டிப் பார்த்தது.

இடுக்கியால் ஓட்டைப் பெயர்த்துப் பார்த்தார். எல்லாமே முளைத்திருந்தன. ஒவ்வொன்றும் தன் தலைக்கு மேலிருந்த மண்ணைத் தனியாகத் தூக்கப் பார்த்து, முடியாமல் கழுத்து வளைந்து வெளுத்துக் கிடந்தது. கிண்ணங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் பாலாம்பாள் வந்தார். பாலிகை மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார், முளை மெத்தென்று தாங்கியது. அகல்யாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"யாருங்க தெளிச்சது? அவங்களுக்கு ரவிக்கைத்துணி வெச்சுக் குடுக்கோணும்."

"எங்க சந்துக்காரங்கதான்," என்றார் கோவிந்தராஜ்.

"அப்படீங்களா. நாளைக்கு மண்டபத்துக்கு வருவாங்கல்ல, அங்கயே குடுத்துக்கறேன். பேரை மட்டும் எழுதிக் குடுங்க."

கோவிந்தராஜ் பேனாவைத் திறந்தார். ஒரு பெயரும் தெரியவில்லை. பெயர் இருக்கட்டும், சந்தில் ஒருவருக்கும் அவர் பத்திரிகையே வைக்கவில்லை. அடுப்படியிலிருந்த வேதநாயகியைப் பார்த்தார். அவளுக்கு ஐந்து பெயரும் அத்துப்படி. ஆனால் அவள் மும்முரமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மீதமிருந்த பத்திரிகைகளை எடுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தம்மாள் திறந்ததும், ஆபீஸில் மட்டுமே பேசிப் பழகிய மராத்தியில், உங்கள் பெயர் என்ன தாயி என்று கேட்டார்.

சுலோசனா என்றாள் அவள். தன் பெயரையும் சொல்ல அவர் வாயெடுத்தபோது, தேவையில்லை, சந்து முழுக்கத் தெரியும் என்று சிரித்தாள்.

"பந்த் தர்வாஜா காக்கா."

மூடிய கதவு மாமா. கோவிந்தராஜ் தலையைக் குனிந்து, உறையின் மேல் சுலோசனா என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.