துரைக்குப் பல் விளக்கியவள்

துணி தேய்க்கும் கடையில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் புடைத்துப் போனவள் அவள். தம்பி பிள்ளைகள் 'இஸ்திரி அத்தை' என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு தம்பி வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டாள். கடை வாசலில் கிடந்த ஒரு செவலை நாயும் அவள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். ஆண்டவன் தனக்குத் துணையாக அனுப்பிய ஜீவன் என்றே நினைத்தாள். தம்பி மனைவிக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை.

"அண்ணி, அது கொட்டாவி விட்டா வயித்தப் பொரட்டுது. ஒண்ணு அந்த நாத்தம் போகணும், இல்ல நாய் போகணும்."

அவள் நாய் டாக்டரிடம் ஓடினாள். அவர் மயக்க ஊசி போட்டு, பல்லில் கல்லாய்ப் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த ஒரு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கினார்.

"தெனமும் தேய்ச்சாத்தான் நாத்தம் நிக்கும். நம்ம பேஸ்ட்ட மட்டும் போட்றாதீங்கம்மா. இது துப்பாது, முழுங்கிடும், வெஷமாயிடும்" என்று, நாய்க்கென்றே விற்கும் கறி வாசனை பேஸ்ட்டைக் கொடுத்தார்.

பழைய தலையணை உறையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டாள். முதலில் பேஸ்ட்டை நக்க மட்டும் விட்டாள். பிறகு முன்பல், கோரைப்பல், கடைசியில் கடைவாய் என்று மெல்ல மெல்ல உள்ளே போனாள். ஈறில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவாள். கொஞ்ச நாளில், அவள் உட்கார்ந்தாலே துரை மடியில் தாடையை வைத்து வாயைக் காட்டியது.

தம்பி மனைவி கதவில் சாய்ந்துகொண்டு சிரிப்பாள். "இதுல பாதி அக்கறைய புருஷன்மேல காட்டியிருந்தா அவரு ஏன் ஓடப்போறாரு?"

அவள் அடுத்த பல்லுக்குப் போவாள். நாய் வீட்டில் இருக்கிறதே, அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பியின் மேனேஜர் டீ குடிக்க வந்தார். துரை நேரே போய் அவர் முட்டியில் தலையை வைத்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது.

மேனேஜரோ குனிந்து மோந்து பார்த்தார். "அட! கொஞ்சங்கூட நாத்தமே இல்லையே! பல்லப் பாருங்க, பளபளன்னு. எம் பொண்ணு நாய் வேணும் நாய் வேணும்னு உயிர எடுக்குறா."

"அதுக்கென்ன சார், எடுத்துக்குங்க" என்றான் தம்பி. அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு அவள் சொன்னாள்: "அது என் நாய்டா."

"இந்த வீட்ல உனக்குன்னு என்னக்கா இருக்கு? நீயே இங்க ஒட்டிக்கிட்டு இருக்க."

மறுநாள் காலையில் மேனேஜரின் டிரைவர் வந்து நின்றார்.

"அண்ணி, அந்தப் பல்லு வெளக்குற வித்தைய இவருக்குக் காட்டிக் குடுத்துடுங்க. சார் கேட்டு விட்டிருக்காரு" என்றாள் தம்பி மனைவி.

பேஸ்ட்டை எடுக்கப் போனவள் பின்னறையில் சற்று நின்றாள். முன்பல்லை மட்டும் காட்டிக் கொடுத்தால் போதும். கடைவாயில் மறுபடி காரை ஏறி, வாய் நாறி, நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் எங்கே அனுப்புவார்கள்? இந்த வீட்டில் யார் கதவைத் திறப்பார்கள்? நடுத்தெருவில்தான் இறக்கிவிடுவார்கள். 'ஆண்டவனே' என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேஸ்ட்டோடும் துணியோடும் வெளியே வந்தாள்.

டிரைவரின் விரல் பட்டதும் துரை உறுமியது.

"கடிச்சுத் தொலைக்கப் போவுதும்மா!"

"கடிக்காது. ஒதட்ட மட்டும் தூக்குங்க. வட்டம் வட்டமா, ஈறு ஓரமா. கடைவாய விட்றாதீங்க, நாத்தம் அங்கதான் ஆரம்பிக்கும்." துரையின் நெற்றியைத் தடவினாள். "காட்டுடா தங்கம்."

துரை காட்டியது.

"இன்னொரு தடவ பண்ணுங்க. நான் கிட்ட இல்லாம" என்று சொல்லி அவள் சுவரோரம் நகர்ந்துகொண்டாள். துரை அவளையே பார்த்தது. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது டிரைவரின் முட்டியில் தாடையை வைத்து வாயைத் திறந்தது.

"பார்றா, ரெண்டு நிமிஷத்துல ஆள மாத்திக்கிச்சு!" என்று தம்பி மனைவி கைதட்டினாள்.

"கடைவாய்" என்றாள் அவள், டிரைவரிடம். "இன்னும் உள்ள."