போன் அடிக்காத வரைக்கும்

வெம்பக்கோட்டை ரோட்டில் காலண்டர் அச்சகத்தைத் தாண்டி வெகுதூரம் நடந்த பிறகுதான், எந்தப் பக்கம் போகிறேன் என்று பார்த்தேன். வேலையை விட்டு வெளியே வந்தால் எனக்குக் கால் முதலில் போகும், யோசனை பின்னால் வரும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்படித்தான். லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் மடிப்பு, மதுரையில் செல்போன் கடை. எந்த இடத்திலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை.

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் என் வேலை, கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற வேலைகளைப் பார்த்துக்கொள்வது. குறித்த நேரத்தில் ஏஜெண்டுகளுக்கு விலைப்பட்டியல் போகும், லோடு விவரம் போகும். எங்களுக்குச் சரக்கு செய்து கொடுக்கும் தாயில்பட்டி யூனிட்டின் வெடிமருந்து ஸ்டோரிலிருந்து வெப்பநிலை வந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் அங்கே போன் அடிக்கும். இந்த வேலைகளில் ஏதாவது ஓடாமல் நின்றுவிட்டால் கண்டுபிடிக்க, வாடகைக்கு ஒரு சாப்ட்வேர் எடுத்திருந்தோம். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதற்குத் தகவல் கொடுக்கும். நேரத்துக்குத் தகவல் வராவிட்டால் என்னிடம் இருக்கும் கம்பெனி போனில் அடிக்கும். நாங்கள் கட்டும் வாடகைக்கு அது இருபது வேலைகளைக் கவனிக்கும். ஒன்று கூடினாலும் அடுத்த திட்டத்துக்கு மாற வேண்டும், வாடகை இரட்டிப்பு. இருபதுக்குள் அடக்கி வைப்பதும், பில் வந்தால் முதலாளி முன்னால் போய் நிற்பதும் நான்.

அந்த இருபதில் பதினான்கு இடம் ராகுகாலத்துக்கே போயிற்று. ராகுகாலத்தில் விலைப்பட்டியல் போகக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அது கிழமைக்குக் கிழமை மாறுகிற நேரம். எனக்கு முன்னால் இருந்தவன், கிழமைக்கு ஒன்றாக வெளியூர் ஏஜெண்டுகளுக்கு ஏழு, உள்ளூர்க் கடைகளுக்கு ஏழு என்று தனித்தனி வேலையாக வைத்துவிட்டான். ஏழையும் ஒன்றாக்கி நேரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எப்போதோ அப்படிச் செய்து, திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பட்டியல் போய், அன்றைக்கே பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவியதாம். அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

அன்று வியாழக்கிழமை. மறுநாள் ஆடி வெள்ளி.

"ஏலே, நாளைக்கு எல்லா ஏஜெண்டுக்கும் யூனிட்டுக்கும் ஆத்தா படம் போட்டு வாழ்த்து போகணும். போகுதான்னு கவனிக்கவும் சொல்லிரு," என்றார் முதலாளி.

"எடம் இல்ல அண்ணாச்சி. இருபதும் நெறஞ்சிருச்சு."

"தாயில்பட்டி வேல நின்னு போச்சுன்னு எத்தன தடவ போன் அடிச்சிருக்கு?"

"ஒரு தடவகூட இல்ல. கரண்டு போய் அது திணறுனா நானே கிளப்பி விட்டுருவேன்."

"பெறகென்ன? அதத் தூக்கு."

"அங்கன உள்ளவுக, போன் அடிக்கலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு நம்பி உக்காந்திருக்காக அண்ணாச்சி."

"எலேய், ஒம்பதாங் கிளாசு, எனக்குப் பாடம் எடுக்கியா?" அவரே மவுஸைப் பிடித்து, சாப்ட்வேர் தாயில்பட்டி வேலையைக் கவனிப்பதை நிறுத்தினார்.

நான் எழுந்துவிட்டேன்.

"போ, போ. நீ எங்கன நின்னிருக்க, இங்கன நிக்கிறதுக்கு?"

கம்பெனி போனை மேஜையில் வைத்துவிட்டு நடந்தேன்.

ரோட்டில்தான் உறைத்தது. இனி அந்த வேலை நின்றால் கிளப்பிவிட ஆள் இல்லை. நின்றது என்று சொல்லவும் எதுவும் இல்லை. தாயில்பட்டி நம்பர் நான் விட்டுவந்த போனில் இருந்தது. பின்னால் வந்த மினி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன்.

யூனிட் கேட்டில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள். தீப்பெட்டி, போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஸ்டோர் சூடு ஏறினால் அடிக்கிற அந்த ஒரே போன் கேட் அறை மேஜையில் கிடந்தது. அங்கே போர்மேன் ஒரு பெண். அதுவரை அவரைக் குரலாக மட்டுமே தெரியும்.

"ஆபீஸ் தம்பியா? போன்ல பேசுறதுக்கு ஆளு தடியா இருப்பீகன்னு நெனச்சேன். சாப்பிட்டீகளா?"

"பெறகு சாப்பிடுறேன்க்கா. ஒரு விஷயம் சொல்லணும்." சொன்னேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத நம்பித்தான தம்பி செவத்துல கெடந்த தெர்மாமீட்டரக் கழட்டி வச்சேன். அம்புட்டுப் பேரும் உள்ள இருக்காகளே."

பரணிலிருந்து பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்து, ஸ்டோர் கதவுக்கு உட்புறம் மாட்டினார். இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். பாதரசம் ஏறி, சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடித்து எல்லோரையும் அனுப்பினார்.

"நாளைக்குப் பாதிப் பேரு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருவாக. இதப் பாத்துச் சொல்ல ஆளு வேணும். நீங்க இப்ப சும்மாத்தான இருக்கீக?"

"ஆமாக்கா."

"எம்புட்டு நாளைக்கு இருப்பீக?"

"தெரியல."

"நெசத்தச் சொல்றீகளே," என்று சிரித்தார்.

ராத்திரி பஸ் ஸ்டாப் நிழற்குடையில் படுத்தேன். கொசு இருந்தது, தண்ணீர்க் குழாயும் இருந்தது.

காலையில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். அதில் இரும்பு இருக்கிறதாம். இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு தடவை ஸ்டோருக்குப் போய்ப் பார்த்து, வந்து அக்காவிடம் சொல்ல வேண்டும். கூலி, ஆபீசில் வாங்கியதை விடக் குறைவு. ஒத்துக்கொண்ட பிறகுதான் அது தெரிந்தது.

பத்து மணி வாக்கில் கேட் அறையில் போன் சத்தம் கொடுத்தது. அக்கா ஷெட்டிலிருந்து ஓடிவந்தார், நான் இந்தப் பக்கமிருந்து ஓடினேன். திரையில் அம்மன் படம். அடியில் எங்கள் முதலாளி கம்பெனியின் ஆடி வெள்ளி வாழ்த்து, அதற்குக் கீழே விலைப்பட்டியல்.

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாரு," என்றேன்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. போனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜையில் வைத்தார். "ஆத்தா வந்துட்டா. நீங்க போய் அதப் பாத்துட்டு வாங்க. வெயிலு ராகுகாலம் பாத்தா ஏறும்?"

அரை மணி ஆகியிருக்கவில்லை. இருந்தாலும் போனேன்.